மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை பூண்ட சதாசிவம்

மலைநாட்டிற்குத் துடுப்பாட்டம் துரைமாரோடு வந்தது. காட்டை அழித்து முதலிற் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் பயிரிட்ட ஆங்கிலேயர், தாம் பிறந்த நாட்டின் விளையாட்டையும் உடன் கொணர்ந்தனர். டிக்கோயாவை அடுத்த தரவளையிலும், நானுஓயாவிற்கு அணித்தாகிய ரதெல்லையிலும் மலைகளுக்கிடையே பசும்புற்றரை அமைத்து ஆடி மகிழ்ந்தனர். சுற்றிலும் கொழுந்து பறித்தோர் நம் மூதாதையர். எல்லைக் கோட்டிற்கு வெளியே நின்று பார்த்தல் அவர்க்கு இயல்வதாயிற்று. உள்ளே புகுந்து ஆடுதல் நெடுங்காலம் இயலாததாயிற்று.

இன்று அட்டன், நுவரெலியாப் பகுதிப் பாடசாலைகளிற் பயிலும் சிறுவர் எவரை வினவினும் முத்தையா முரளிதரனின் பெயரைச் சொல்லுவர். தோட்டத்திற் கூலியாளாய் உழைத்தவரின் பேரர் அவர். ஆயின் அவருக்கு முன்னே, தமிழர் ஒருவர் இந்நாட்டின் அணிக்கே தலைமை பூண்டிருந்தார் என்பதை அறிந்த மாணவர் மிகச் சிலர். அறிந்த முதியோரோ அப்பெயரைச் சொல்லுங்காற் குரலைத் தாழ்த்துவர். அவர் மகாதேவன் சதாசிவம்.

அவரது ஆட்டத்தை மட்டும் புகழ்ந்து, அவர்மீது வந்த வழக்கை மறைப்பார் ஒருசாரார். வழக்கை மட்டும் நினைந்து ஆட்டத்தை மறப்பார் மற்றொருசாரார். இரண்டும் மாணவர்க்கு நன்மை பயவா என்பது ஆசிரியத் தொழிலில் நரைத்த என் துணிபு. ஆதலின் அவ்வாழ்க்கையை முழுமையாகவே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

பிறப்பும் பயிற்சியும்

சதாசிவம் 1915ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள் பிறந்தார். கொழும்பு வெஸ்லி கல்லூரியிற் பயின்ற காலத்திலேயே சிறந்த துடுப்பாட்டக்காரர் எனப் பெயர் பெற்றார். கல்லூரியை விட்டபின் அவர் சேர்ந்த இடம் தமிழ் யூனியன் கழகமாகும். அது 1899இல் கொழும்புத் தமிழரால் நிறுவப்பெற்றது. அக்காலக் கொழும்பில் சிங்களவர்க்கு ஒரு கழகம், தமிழர்க்கு ஒரு கழகம், பறங்கியர்க்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று என இனத்திற்கொன்றாகக் கழகங்கள் இருந்தன. எனினும் மைதானத்தில் இறங்கியபின் மட்டையும் பந்தும் இனம் பார்ப்பதில்லை. வனாத்தமுல்லையில் அக்கழகத்திற்கென ஓவல் என்னும் மைதானம் உருவாகியது. அதற்குப் பெரிதும் உழைத்தவர் பி. சரவணமுத்து என்னும் பெரியார். அவரே பின்னர் இலங்கைத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டுச் சபையின் முதற் தலைவராயினார்.

அக்காலத்தில் இந்நாட்டில் துடுப்பாட்டத்தைத் தொழிலாகக் கொண்டு வாழ வழியில்லை. ஆடியவர் யாவரும் வேறு தொழில் செய்துகொண்டு வாரஇறுதியில் ஆடியவரே. இன்று ஓர் இளைஞர் ஒரு பருவத்தில் ஈட்டும் பொருளைச் சதாசிவம் தம் வாழ்நாள் முழுதும் ஆட்டத்தால் ஈட்டியிரார். முதற்தரப் போட்டிகள் என எண்ணப்படுவனவற்றில் அவர் ஆடியவை 11 மட்டுமே. அவற்றில் 18 முறை துடுப்பெடுத்து 753 ஓட்டங்கள் சேர்த்தார், சராசரி 41.83, சதங்கள் 3. இவ்வெண்களை மட்டும் காண்பார்க்கு இவர் பெரியவர் எனத் தோன்றாது. போட்டிகள் அருகியே நடந்த காலம் அது என்பதையும், வந்த அணிகள் எத்தகையன என்பதையும் உடன் நோக்கல் வேண்டும்.

சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம்

1945இல் இந்திய அணி கொழும்புக்கு வந்தபோது சதாசிவம் 111 ஓட்டங்கள் எடுத்தார். ஆயினும் அவரது பெயரைக் கடல்கடந்து பரப்பியது 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அவர் எடுத்த 215 ஓட்டங்களேயாகும். பின்னாளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய குலாம் அகமது போன்றோர் பந்துவீச, அவர்களை எளிதாகவே எதிர்கொண்டார். சென்னைத் துடுப்பாட்ட அன்பர் அவ்வாட்டத்தை நெடுங்காலம் நினைவிற் போற்றினர்.

அவரது ஆட்டத்தின் தனித்தன்மை வலிமையன்று, காலமறிந்து செய்தலே. பந்து தம்மைக் கடக்கப்போகும் இறுதிக் கணம்வரை காத்திருந்து, மணிக்கட்டை மெல்லத் திருப்பி, காவலர் இல்லாத இடத்திற்கு அதனை அனுப்புவார். எதிரணித் தலைவர் அவ்விடத்தில் ஒருவரை நிறுத்தின், அவர் விட்டுவந்த வெற்றிடத்திற்கு அடுத்த பந்து செல்லும். அடித்தல் என்னும் சொல் அவர் ஆட்டத்திற்குப் பொருந்தாது என்பர் கண்டோர். 1950இல் பொதுநலவாய நாடுகளின் அணி இங்கு வந்தபொழுது அவர் 96 ஓட்டங்கள் எடுத்தார். அவ்வணியில் இருந்த மேற்கிந்தியப் பெருவீரர் பிராங் வொரல், உலகின் தலைசிறந்தோர் வரிசையில் சதாசிவத்தை வைத்து மதித்தார் என்பது துடுப்பாட்ட உலகில் இன்றளவும் வழங்கும் செய்தியாகும்.

இன்பவிருப்பும் அவரிடம் மிகுந்திருந்தது. இரவு நெடுநேரம் விருந்திலும் நடனத்திலும் கழித்து, விடிந்ததும் ஆடச் சென்றார் என்னும் கதைகள் பல. அவற்றில் எத்துணை உண்மை, எத்துணைப் புனைவு என அளந்து பார்ப்பார் இலர். பயிற்சியின்றியே பெருமை வரும் என அக்கதைகளால் மாணவர் மயங்கலாகாது. இறுதிக் கணம்வரை பந்தை நோக்கிக் காத்திருக்கும் கண், இளமையில் அரும்பாடுபட்டுப் பழக்கிய கண்ணன்றி வேறென்ன?

1948ஆம் ஆண்டு

அவர் வாழ்விலும் நம் மலையக மக்கள் வாழ்விலும் 1948ஆம் ஆண்டு மறக்கலாகாதது. அவ்வாண்டு பெப்ரவரி 4ஆம் நாள் இலங்கை சுதந்திரம் பெற்றது. மார்ச் 27ஆம் நாள், இங்கிலாந்து நோக்கிக் கப்பலிற் சென்ற அவுஸ்திரேலிய அணி வழியிற் கொழும்பில் இறங்கி ஓவல் மைதானத்தில் ஒருநாள் ஆடியது. அதன் தலைவர் டொன் பிரட்மன். சுதந்திர நாட்டின் அணிக்குத் தலைவராய் அவரோடு நாணயம் சுண்ட நின்றவர் சதாசிவம். பிரட்மன் 20 ஓட்டங்களோடு ஆட்டமிழந்தார். 22 யார் இருக்கவேண்டிய ஆடுதரை, அளந்தபோது 20 யாரே இருந்ததாகக் கண்டனர் என்பது அவ்வாட்டத்தைப் பற்றிய வேடிக்கைச் செய்தி. மழை குறுக்கிட்டமையால் ஆட்டம் முடிவின்றி நின்றது.

புதிய நாட்டின் சார்பில் உலகப் பெருவீரர் முன்னிலையில் நின்றவர் தமிழர். அதே ஆண்டின் இறுதியில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய மலையக மக்களுள் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். கொழும்பிலே தமிழர் ஒருவர் நாட்டின் தலைவராய் மட்டையேந்தி நிற்க, அட்டனிலே கொழுந்துக் கூடை சுமந்த தமிழர்க்கு நாடே இல்லையென்றாயிற்று. மொழி ஒன்றாயினும் இவ்விருவர் உலகங்கள் வெவ்வேறு. ஒருவர் உயர்ந்ததனால் அவரது இனத்தார் யாவரும் உயர்ந்தனர் எனக் கொள்வது எத்துணைப் பிழை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இதனைச் சதாசிவத்தின் குறையாக யான் கூறவில்லை. சட்டம் இயற்றியவர் அவரல்லர்; அவர் செய்யத்தக்கது ஆடுதல்; அதனைச் செவ்வனே செய்தார்.

வழக்கும் விடுதலையும்

1951ஆம் ஆண்டு ஒக்டோபர் 9ஆம் நாள் அவரது வாழ்க்கை இரண்டாகப் பிளந்தது. பம்பலப்பிட்டியிலிருந்த இல்லத்தில் அவர் மனைவியார் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். கணவன் மனைவியரிடையே மணவிலக்கு வழக்கு எழுந்திருந்த காலம் அது. அவர்களுக்குப் புதல்வியர் நால்வர். ஐயம் கணவர்மேல் விழுந்தது, சதாசிவம் சிறைப்பட்டார். வீட்டில் வேலைசெய்த வில்லியம் என்பவன் மன்னிப்புப் பெற்று அரசுதரப்புச் சாட்சியானான்.

1953இல் நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் வழக்கு 57 நாள்கள் நடந்தது. எதிரிக்காக வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. ஊர்முழுதும் செய்தித்தாளை எதிர்நோக்கியிருந்தது. வழக்கின் உயிர்நாடி ஒரே கேள்வி: அம்மாது இறந்த நேரம் யாது? சதாசிவம் அன்று முற்பகல் ஏறத்தாழ 10.30 மணியளவில் வீட்டைவிட்டுப் புறப்பட்டுவிட்டார். மரணம் அதற்கு முன்னரா, பின்னரா என்பதைப் பொறுத்தே யாவும் அமைந்தன. இறந்த உடல் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குளிரும் என்னும் கணக்கைக்கொண்டு, மரணம் அவர் சென்ற பின்னரே நிகழ்ந்திருத்தல் வேண்டும் எனச் சட்ட மருத்துவப் பேராசிரியர் டி சேரம் கருதினார். குளிர்நாட்டு நூல்களின் கணக்கு வெப்பநாட்டிற்குப் பொருந்தாது என்பதால் இந்நாட்டிலேயே ஆய்வுகளும் செய்தார். எடின்பரோவின் புகழ்பெற்ற அறிஞர் சேர் சிட்னி சிமித் அக்கருத்திற்குத் துணைநின்று சாட்சி கூறினார். 1953 ஜூன் 25ஆம் நாள் ஜூரிமார் ஒருமனதாகக் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்பளித்தனர். சட்ட மருத்துவம் பயில்வோர் இவ்வழக்கை இன்றும் படிக்கின்றனர்.

ஏறத்தாழ 20 மாதங்கள் சிறையிற் கழிந்தபின் அவர் வெளியே வந்தார். நீதிமன்றம் விடுவித்தது, ஊர்வாய் விடுவிக்கவில்லை. நெடிய ஆய்வின்பின் அறிஞரும் ஜூரிமாரும் கண்ட முடிவைத் திண்ணையிலிருந்து மறுப்பது அறமன்று. அதே வேளை, ஆட்டத்தின் புகழிலும் வழக்கின் பரபரப்பிலும் இறந்த அம்மையாரை மறப்பதும் அறமன்று. அக்கொலைக்கு எவரும் தண்டனை பெற்றிலர். தாயை இழந்த நான்கு பெண்மக்களின் துயரை எந்தத் தீர்ப்பும் ஆற்றவில்லை.

கடல் கடந்து

விடுதலையான பின்னர்ச் சதாசிவம் தாய்நாட்டிற்கு வெளியே தமக்கோர் இடம் தேடினார். கலையறிந்தாரை எந்நாடும் ஏற்கும் என நம் முன்னோர் கூறியது அவர் வாழ்வில் மெய்யாயிற்று. சிங்கப்பூர் அவரைத் தன் அணிக்குத் தலைவராக்கியது. மலாயாவும் அவ்வாறே செய்தது. இலங்கை, சிங்கப்பூர், மலாயா என மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைமை தாங்கிய பெருமை இவ்வாறு அவர்க்கு வாய்த்தது. மறுமணம் புரிந்து புதிதாய் ஓர் இல்லறமும் கண்டார். பிற்காலத்திற் கொழும்புக்கே மீண்ட அவர், 1977 ஜூலை 9ஆம் நாள் தம் 61ஆம் வயதில் இறந்தார்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1982 பெப்ரவரி 17ஆம் நாள், இலங்கை தன் முதலாவது டெஸ்ட் போட்டியை இங்கிலாந்துக்கு எதிராக ஆடத் தொடங்கியது. ஆடிய இடம் அவர் பிரட்மனை எதிர்கொண்ட அதே ஓவல் மைதானம். அப்பொழுது அது பி. சரவணமுத்து மைதானம் எனப் பெயர்பெற்றிருந்தது. சதாசிவம் ஒரு டெஸ்ட் போட்டியேனும் ஆடியவரல்லர். அவ்வுரிமையை இந்நாடு பெறுமுன்னரே அவர் காலம் முடிந்துவிட்டது.

மலையகத்திற்கு இதனால் என்ன என்பார்க்கு ஒன்று கூறுவேன். 1977இல் அவர் இறந்த மறுமாதம் எழுந்த வன்செயலில் மலையகத் தமிழரும் பெருந்துன்பமுற்றனர். அவ்வேளை கண்டியில் முரளிதரன் ஐந்து வயதுக் குழந்தை. அவர் வளர்ந்து கொழும்பில் ஆடச் சேர்ந்த கழகம், சதாசிவம் ஆடிய தமிழ் யூனியன் கழகமே. 2010இல் காலி மைதானத்தில் அவர் தம் 800ஆவது டெஸ்ட் விக்கட்டை வீழ்த்தினார். நாடற்றோர்க்கு எஞ்சியிருந்த குடியுரிமைத் தடையும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீங்கியது. 1948இல் தனித்தனியே நின்ற இரண்டு உலகங்கள் ஒரு கழகத்தின் வாயிலிற் சந்தித்தன.

ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு ஆடும் இடமும் கற்பிப்பாரும் கிடைக்கின்றனர்? லயத்தின் முன்னுள்ள சிறு முற்றத்தில் மரப்பலகையை மட்டையாகக்கொண்டு ஆடுவோருள் இன்னொரு சதாசிவம் இரார் என எவர் சொல்ல வல்லார்? ஒருவர் புகழைப் பேசி மகிழ்வதோடு நில்லாது, பலர்க்கும் மைதானத்தின் உட்புறத்தைத் திறந்துவிடுதல் பாடசாலைகளின் கடன். சதாசிவத்தின் வாழ்க்கையை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர் அதனையும் சேர்த்துச் சொல்லுவாராக.