அண்ணாமலையடிவாரத்தில் ஓர் ஆங்கில நாவலாசிரியர்

கார்த்திகைத் தீபங் காணத் திருவண்ணாமலைக்குச் சென்று மீளும் நம் நண்பருள், அம்மலையடிவாரத்துக் குடிலொன்றில் 1938-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஒருவர் மயங்கிக் கிடந்த செய்தியை அறிந்தார் சிலரே. அவர்தாம் வில்லியம் சாமர்செட் மாம் என்னும் நாவலாசிரியர். மனநோயையும், அந்நோயால் நலிந்தாரிடத்து உற்றார் ஒழுகும் முறையையும் ஒருங்கே காட்டும் நாவலொன்றை அவர் பின்னர் இயற்றினார். ஆதலின் அவர் வரலாற்றைச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

மாம் 1874 ஜனவரி 25-ஆம் நாள் பாரிஸ் நகரிற் பிறந்தார். எட்டு வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். ஈராண்டில் தந்தையும் மறைந்தார். அதன்பின் இங்கிலாந்தில், விட்ஸ்டபிள் என்னும் ஊர்க் குருவானவராயிருந்த தந்தையின் உடன்பிறந்தாரிடம் வளர்ந்தார். அவ்வீட்டில் உணவுக்குக் குறைவில்லை; அன்புக்கே பஞ்சம். போதாக்குறைக்குத் திக்குவாயும் அவரைப் பற்றியது. கான்டர்பரிப் பள்ளியில் அதுகண்டு எள்ளினர். தாயின் படத்தை அவர் முதுமைகாறும் படுக்கையருகே வைத்திருந்தார். அவர் நெஞ்சை அறிய வேறு சான்று வேண்டுமோ?

இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவசாலையிற் பயின்று 1897-இல் மருத்துவராகத் தேறினார். லாம்பெத் சேரிகளிற் பிரசவம் பார்க்கச் சென்று கண்டவை அவ்வாண்டே முதல் நாவலாயின. மருத்துவத் தொழிலைக் கைவிட்டாரேயன்றி, நோயாளியை உற்றுநோக்கும் கண்ணைக் கைவிட்டாரல்லர். நாடகங்களாலும் நாவல்களாலும் அவர் ஈட்டிய பொருளையும் புகழையும் விரிக்கிற் பெருகும்.

1938-இல் இந்தியாவிற்கு வந்தவர் இரமண மகரிஷியைக் காண விரும்பி அருணைக்குச் சென்றார். உணவு வேளைக்குச் சற்று முன் மயங்கி வீழ்ந்தார். தெளிந்தபின்னும் அவரால் எழ இயலவில்லை என்றறிந்த மகரிஷி, தாமே குடிலுக்கு வந்து, பெரும்பாலும் மௌனமாகவே அவரருகில் இருந்தார். மாம் சமாதிநிலை எய்தினார் என்று பின்னர் வதந்தி பரவிற்று. மருத்துவம் பயின்ற அவரோ, இத்தகைய மயக்கம் முன்பும் தமக்கு வந்ததுண்டென எழுதினார். யோபுவின் நண்பரும் வாய் திறவாது ஏழு நாள் அவனுடன் தரையிலிருந்தனர். அதுவே அவர் செய்த உதவி, வாய் திறந்தபின் புண்ணே செய்தனர்.

கடோபநிடதத்திலிருந்து பெயர் கொண்ட 'தி ரேசர்ஸ் எட்ஜ்' என்னும் நாவல் 1944-இல் வெளிவந்தது. அதில் வரும் ஞானாசிரியர் வாழ்வது திருவாங்கூரில். ஆயினும் அருணையின் சாயலை அவரிடங் காணலாம். போரில் தன்னைக் காத்த தோழன் மாண்டதைக் கண்ட லாரி என்னும் விமானவீரன், உள்ளம் குலைந்து, ஊர்தோறும் அலைந்து, இந்தியாவில் அமைதி பெறுகின்றான். 1929-இல் பங்குச்சந்தை வீழ்ச்சியாற் செல்வமிழந்து தீராத் தலைவலியால் நைந்த கிரே என்பவனை, கையில் ஒரு நாணயத்தைப் பிடிக்கச் செய்து, உள்ளத்திற்கு உறுதிமொழி புகட்டி லாரியே குணப்படுத்துகின்றான்.

சோபி என்னும் பெண்ணின் கதையோ வேறு. மோட்டார் விபத்தொன்றிற் கணவனையும் குழந்தையையும் ஒருங்கே இழந்த அவள் மருத்துவ விடுதியிற் கிடந்து, பின் குடியில் ஆழ்ந்தாள். உறவினர் பொருளுதவி செய்து அவளை அயல்நாட்டிற்கு அனுப்பிவிட்டனர். லாரி அவளை மணக்க முன்வந்தான். அவளும் குடியை விட்டாள். லாரியை முன்னர்க் காதலித்து, கிரேயை மணந்திருந்த இசபெல் இதனைப் பொறாதவளாய், சோபிக்கு மணவாடை வாங்கித் தருவதாக அழைத்து, அவள் தனித்திருக்கும் வேளையில் மதுப்புட்டியைக் கண்ணெதிரே இருக்குமாறு விட்டகன்றாள். சோபி குடித்தாள், மறைந்தாள், துலோன் துறைமுகத்திற் கொலையுண்டாள். அப்புட்டியினும் கொடியது, நட்பென்னும் போர்வையில் அது வைக்கப்பட்டமை. கதை சொல்பவராகத் தம் பெயருடனே நாவலுள் வரும் மாம், இதனைக் கண்டறிந்தும் இசபெலை விட்டு நீங்கினாரல்லர். ஏனையோர்க்கெல்லாம் மருந்து தேடிய ஆசிரியர், மிக நலிந்தவளுக்கு ஒன்றுந் தேடாது விட்டாரே என்பது எம் மனக்குறை.

அவர்தம் இறுதிக்காலமும் இனிதன்று. மணவாழ்வு 1929-இல் மணமுறிவில் முடிந்தது. தொண்ணூறை அணுகிய வயதில் நினைவும் அறிவும் தடுமாறின. தம் ஒரே மகளை முறையான மகளல்லள் எனக் கூறி, செயலாளரைத் தத்தெடுக்க முயன்றார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 1965 டிசம்பர் 16-ஆம் நாள், 91-ஆம் வயதில், பிரான்சு நாட்டு நீஸ் நகரில் மறைந்தார். அவரது சாம்பல், இளமையில் அவரை எள்ளிய அக்கான்டர்பரிப் பள்ளியில், அவர் பெயர் தாங்கிய நூல்நிலையத்தருகே தூவப்பட்டது.