கண்ணிழந்தும் கண்ட கடலறிஞர்

கண்ணிருந்தும் காணாதோர் பலர். கண்ணிழந்த பின்னும் கண்டு சொன்னோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ரம்பியஸ். கொல்லிமலையின் திருப்புலி நாட்டிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து விலங்கியல் பயில வந்த எனக்குக் கடல் நெடுந்தொலைவு. ஆயினும் முட்தோலிகள் பற்றிய பாடத்தில், பவளம் தின்னும் முட்கிரீட நட்சத்திர மீனைப் படித்தபோது, அதனை முதன்முதலில் நூலில் விவரித்தவர் யார் என்று தேடினேன். அத்தேடலில் கிடைத்த வாழ்க்கை இது.

1627-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதியில் பிறந்த இவருடைய இயற்பெயர் ஜார்ஜ் எபர்ஹார்ட் ரம்ப். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, 1654-இல் இன்றைய இந்தோனேசியாவிலுள்ள அம்பன் தீவை அடைந்தார். படைப்பணியில் தொடங்கிப் பின்னர் வணிக அலுவலரானார். கிராம்பு வாணிபம் அவர் வயிற்றுப்பாடு; செடிகொடிகளும் சங்கு சிப்பிகளும் அவர் உயிர்மூச்சு. தீவு மக்களிடம் கேட்டுக்கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வழங்கும் பெயரையும் பயனையும் எழுதி வைத்தார்.

1670-இல் அவர் பார்வை முற்றிலும் போயிற்று. 1674 பிப்ரவரி 17-ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அத்தீவைத் தாக்கின. 2,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்தம் மனைவியும் மகளும் அன்றே மறைந்தனர். அந்தத் துயரத்தினூடேயும் அப்பேரழிவை ஊர் ஊராக விவரித்து எழுதச் செய்தார். 1687-இல் தீ விபத்தில் நூல்களும் படங்களும் கருகின. 1692-இல் கையெழுத்துப் படியை ஏற்றிச் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் மூழ்கடித்தனர். நல்வினையாக, வேறொரு படி ஜாவாவில் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. விரலால் தடவி அறிந்து, வாயால் சொல்லி எழுதுவித்து, மகனைக் கொண்டு படம் வரைவித்துப் பணியைத் தொடர்ந்தார்.

1702 ஜூன் 15-ஆம் நாள் அவர் காலமானார். தம் நூல்களுள் ஒன்றையேனும் அச்சில் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. 1705-இல் வெளிவந்த அம்பன் அரும்பொருள் நூலில்தான் பதினைந்து கதிருடைய நட்சத்திர மீன் இடம்பெற்றது. சுமார் 1,200 தாவரங்களைக் கூறும் அவருடைய பெருநூல் 1741 முதல் 1750 வரை வெளியாயிற்று. 1758-இல் லின்னேயஸ் அந்நட்சத்திர மீனுக்கு இருசொற்பெயர் சூட்டினார்.

பின்பு இரு நூற்றாண்டுகள் அவ்வுயிரை உலகம் பெரிதாகக் கருதவில்லை. 1962-இல் ஆஸ்திரேலியாவின் கிரீன் தீவருகே அது பெருந்திரளாய்ப் பெருகியது. 1970-களின் தொடக்கத்தில் நம் அண்டை நாடான இலங்கையின் திருகோணமலைப் பவளப்பாறைகளும் அதற்கு இரையாயின. இம்மீன் தன் இரைப்பையை வாய்வழியே வெளித்தள்ளிப் பவளத்தின் சதையைக் கரைத்து உறிஞ்சும். எஞ்சுவது வெண்ணிற எலும்புக்கூடே. குறைந்த அளவில் இருந்தால், விரைந்து வளரும் பவளங்களைத் தின்று மற்றவற்றுக்கு இடந்தரும். திரண்டால் பாறையே பாழ்.

ஏன் திரள்கிறது? இதனைத் தின்னும் டிரைட்டன் சங்கை மனிதர் வாரிச் சென்றதால் என்பர் சிலர். இதன் குஞ்சுகளை உண்ணும் மீன்கள் குறைந்ததால் என்பர் வேறு சிலர். மழைநீர் அடித்துவரும் மண்ணும் உரமும் நுண்பாசியைப் பெருக்க, அதை உண்டு இளவுயிரிகள் பிழைப்பதால் என்பது மற்றொரு கருத்து. இயற்கையாகவே முன்பும் திரண்டிருக்கலாம் என்போரும் உளர். இது புதிதாய் வந்த உயிரன்று, பழங்குடியே என்பதற்கு ரம்பியஸின் ஏடு சான்று. அவருக்குப் பின் ஆண்டுதோறும் எவரேனும் எண்ணி எழுதியிருந்தால் வழக்கு எப்போதோ தீர்ந்திருக்கும்.

இன்று மூழ்குவோர் ஒவ்வொன்றாகத் தேடிப் பித்த உப்பையோ காடியையோ ஊசிவழி செலுத்திக் கொல்கின்றனர். ஒரு பெண் மீன் ஒரே பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடுவதால், திரண்ட பின் போராடுவது கடினம். தொடர்ந்து கண்காணித்து, பெருகத் தொடங்கும்போதே களைவதுதான் பயன் தரும்.

எங்கள் மலைச்சரிவில் சாமையும் தினையும் இருந்த பல நிலங்களில் இப்போது குச்சிக்கிழங்கு நிற்கிறது. கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகி மழையோடு இறங்குகிறது. அம்மண்தான் எங்கோ நட்சத்திர மீனைப் பெருக்கியது என்று நான் கூறவில்லை. மலையில் மண்ணைக் கட்டிக் காப்பது கடலுக்கும் செய்யும் உதவி என்றே கூறுகிறேன்.

எங்கள் முதியோர் அறிந்த தானிய வகைகளும் மூலிகைப் பெயர்களும் அவர்களோடு மறைந்து வருகின்றன. விழியிழந்த ஒருவர் அயல்தீவின் உயிர்களுக்குச் செய்த பணியை, விழியுள்ள நாம் நம் ஊருக்குச் செய்யலாகாதா? நாளும் இடமும் குறித்து எழுதி வைப்போம். நமக்குப் பின் வரும் எவருக்கோ அது விடையாகும்.