குடல்வாலை அறுத்துக்கொண்டு மலையேறிய பெண்! - கொரில்லாக்களின் டயான் ஃபாஸி

ஒரு வேலைக்குக் கேட்டிருக்கீங்க. வேலை உறுதி, ஆனா கிளம்புவதற்கு முன்னால் குடல்வாலை ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். செய்வீங்களா? டயான் ஃபாஸி செய்தார். வலியோ தொந்தரவோ இல்லாத குடல்வாலை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒரு கடிதம் காத்திருந்தது. அதெல்லாம் தேவையே இல்லை, உங்கள் உறுதியைச் சோதித்துப் பார்த்தேன் என்கிற மாதிரி எழுதியிருந்தார் லூயி லீக்கி. மனித இனத்தின் ஆரம்பத்தை ஆப்பிரிக்க மண்ணில் தோண்டித் தேடியவர், ஜேன் குடாலை சிம்பன்சிகளிடம் அனுப்பியவர் அவர்தான்.

1932-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த டயான், அப்போது விலங்கு ஆராய்ச்சியாளரே கிடையாது. லூயிவில் நகர மருத்துவமனை ஒன்றில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்துகொண்டிருந்தார். 1963-ல் சேமிப்பையெல்லாம் துடைத்து, கடனும் வாங்கி ஆப்பிரிக்காவைச் சுற்றிப்பார்க்கப் போனார். அங்கே லீக்கியின் அகழாய்வுக் குழியில் கால் தவறி விழுந்து, கணுக்கால் சுளுக்கி, தோண்டிக்கொண்டிருந்த புதைபடிவத்தின் மேலேயே வாந்தி எடுத்துவைத்தார். அவரைத்தான் மூன்று வருஷம் கழித்து லீக்கி தேர்ந்தெடுத்தார்!

முதலில் காங்கோ. 1967 ஜூலையில் அங்கே கலவரம் வெடிக்க, ராணுவத்தினர் அவரை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். உகாண்டாவுக்குத் தப்பினார். ஊருக்குத் திரும்பிவிட்டார்னு நினைக்கிறீங்களா? செப்டம்பர் 24-ம் தேதி, அதே மலைத்தொடரின் ருவாண்டா பக்கத்தில் கூடாரம் போட்டுவிட்டார். கரிசிம்பி, விசோக்கே என்ற இரண்டு எரிமலைகளுக்கு நடுவே, சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், எப்போதும் நனைந்தே கிடக்கும் மழைக்காடு. இரண்டு மலைகளின் பெயரையும் வெட்டி ஒட்டி 'கரிசோக்கே' என்று பெயர் வைத்தார்.

கொரில்லா மனிதர்களைக் கண்டால் ஓடும், இல்லாவிட்டால் மிரட்டும். டயான் என்ன செய்தார் தெரியுமா? கைமுட்டியை ஊன்றி நடந்தார். அவை தின்கிற தண்டுகளைத் தானும் மென்றார். அவை திருப்தியாக இருக்கும்போது எழுப்பும் ஏப்பம் மாதிரியான சத்தத்தைப் பழகிக்கொண்டார். நம் கைரேகை போல ஒவ்வொன்றுக்கும் மூக்குச் சுருக்கம் வேறு வேறு. அதை வரைந்துவைத்து அடையாளம் கண்டு, பெயர் வைத்தார். 1970-ல் 'பீனட்ஸ்' என்ற ஆண் கொரில்லா தானே கை நீட்டி அவர் விரல்களைத் தொட்டது. பயங்கர மிருகம் என்று சினிமா சொல்லிவைத்திருந்த உருவத்தை உலகமே வேறு மாதிரி பார்க்கத் தொடங்கியது அந்த நாட்களில்தான்.

பெயரளவில் அது பாதுகாக்கப்பட்ட காடு. 1925-லேயே அறிவிக்கப்பட்ட, ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. ஆனா பூச்சிமருந்துக்கான பைரெத்ரம் பூ பயிரிட, ருவாண்டா பக்கத்தில் பூங்காவை வெட்டிக் கொடுத்தார்கள். மாடுகள் உள்ளே மேய்ந்தன. மானுக்கு வைத்த கண்ணியில் கொரில்லாவின் கை மாட்டி அழுகியது.

1977 டிசம்பர் 31. டயானுக்கு மிகவும் பிடித்த 'டிஜிட்' தன் குடும்பம் தப்பியோட, வேட்டைக்காரர்களையும் நாய்களையும் தனியாக எதிர்த்து நின்றது. ஈட்டியால் குத்திக் கொன்று, தலையையும் கைகளையும் வெட்டி எடுத்துப்போனார்கள்.

அதற்கப்புறம் டயான் ஆராய்ச்சியாளர் என்பதைவிட போர்வீரர். 1979-ல் அவருடைய நாலு பேர் ரோந்துப் படை, நாலே மாதத்தில் 987 கண்ணிகளை அழித்தது. அதோடு நிற்கவில்லை. பிடிபட்டவர்களைத் துன்புறுத்தினார், மாடுகளைச் சுட்டார், முகமூடி மாட்டிக்கொண்டு சூனியக்காரி போல பயமுறுத்தினார், ஒரு வேட்டைக்காரரின் குழந்தையைக்கூட பிடித்துவைத்தார். இதை எந்த சினிமாவும் நியாயமாக்கிவிட முடியாது. மலையடிவாரத்தில் துண்டு நிலத்தோடு வாழ்ந்த ஏழைகளை அவர் எதிரிகளாகவே பார்த்தார். அவர் வாழ்க்கையில் நமக்கு உறுத்தும் இடம் இதுதான்.

சுற்றுலாவையும் அவர் வெறுத்தார். வேறு சில ஆய்வாளர்கள், கொரில்லாவைக் காட்டி வருமானம் வந்தால்தான் அரசும் ஊரும் காட்டை விட்டுவைக்கும் என்றார்கள். மனிதர்களிடமிருந்து நோய் தொற்றும் என்று டயான் சண்டை போட்டார். அந்தப் பயம் சரிதான். நம் சளிகூட கொரில்லாவுக்கு ஆபத்து. ஆனா காட்டைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு அந்தப் பணத்துக்கு உண்டு. இன்னொன்றையும் கவனிங்க. கொரில்லா மனிதரைச் சகித்துக்கொள்ளும் அளவுக்குப் பழக்க முடியும் என்று காட்டியதே டயான்தானே!

1985 டிசம்பர் 26 இரவு, 53 வயதில், தன் குடிலிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். பணமும் பொருளும் அப்படியே இருந்தன. ருவாண்டா நீதிமன்றம் ஓர் அமெரிக்க மாணவரை, அவர் நாட்டில் இல்லாமலேயே குற்றவாளி என்றது. அவர் மறுத்தார். கேள்விகள் இன்றும் தீரவில்லை. டிஜிட்டின் பக்கத்திலேயே டயானைப் புதைத்தார்கள்.

1981-ல் விருங்கா மலைகளில் எஞ்சியிருந்தவை சுமார் 250 மலை கொரில்லாக்கள். இன்று பக்கத்துக் காடான புவிண்டியையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல். 2018-ல் 'மிக அருகிய' பட்டியலிலிருந்து ஒரு படி மேலே ஏறின. இன்னமும் 'அருகிய' இனம்தான். ருவாண்டாவில் ஒரு மணி நேரம் பார்க்க 1,500 டாலர் கட்டணம். அந்த வருமானத்தில் ஒரு பங்கு அடிவார ஊர்களுக்குப் போகிறது.

டயான் ஆண் என்று நினைத்திருந்த 'பக்' 1978-ல் குட்டி போட்டது. அப்படி இருக்கவே முடியாது என்று அவர் அதிர்ந்ததில், குட்டிக்கு 'கேன்ட்ஸ்பீ' என்று பெயர் வந்தது. அந்தக் குட்டி வளர்ந்து, இருபது வருஷத்துக்கு மேல் தலைவனாக இருந்தது. ஒரு கட்டத்தில் அதன் பின்னால் நடந்தவை 65 கொரில்லாக்கள். 2017-ல் இறந்தது. கண்ணியில் இல்லை, ஈட்டியில் இல்லை. முதுமையில்.