டாக்டர் பர்ரில் குரோன்

நோயைத் தீர்த்தல் அரிது. அதனை இன்னதென்று தெளிதல் அதனினும் அரிது. அவ்வருஞ்செயலைச் செய்தாருள் ஒருவர் டாக்டர் பர்ரில் பெர்னார்டு குரோன்.

இவர் 1884-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் அஜீரணத்தால் வருந்தக் கண்டமையே இவருள்ளத்தை வைத்தியத்தின்பால் திருப்பிற்றென்பர். 1907-இல் கொலம்பியா சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, மௌண்ட் சைனாய் வைத்தியசாலையிற் பணி புரியலானார்.

அக்காலத்தே, சிறுகுடலின் இறுதிப்பகுதி வீங்கிப் புண்ணாகி வழி குறுகிய நோயாளர் பலரைக் குடலைப் பற்றிய க்ஷயமுடையாரென்றே வைத்தியர் கருதினர். வயிற்றுவலி, பேதி, சுரம், உடல்மெலிவு ஆகிய குறிகள் இரண்டிற்கும் பொதுவாயிருந்தமையே அம்மயக்கத்திற்குக் காரணம். குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் அறுத்தெடுக்கப்பெற்ற குடற்பகுதிகளை ஆராய்ந்து, க்ஷயக் கிருமி அவற்றில் இல்லாமை கண்டனர். 14 நோயாளரின் வரலாற்றை 1932-இல் வெளியிட்டு, இது தனியொரு நோயென நிறுவினர்.

ஸ்காத்லாந்து தேசத்து டால்ஸீல் 1913-இலேயே இத்தகைய நோயை விவரித்திருந்தார். மூவர்க்கும் துணைநின்ற ரணவைத்தியர் பெர்க், தாம் எழுதாத கட்டுரையில் தம் பெயர் வேண்டாவென விலகினார். எனவே ஆங்கில அகரவரிசையில் முதல்நின்ற குரோனின் பெயரே நோய்க்கு வழங்கலாயிற்று.

தொண்ணூற்றொன்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1983-இல் அவர் மறைந்தார். அந்நோயின் மூலகாரணம் இன்றும் முற்ற விளங்கவில்லை. குடலினுள்ளே நோக்கும் கருவிகள் வந்த பின்னரும், க்ஷயம் மிகுந்த நம் நாட்டில், இவ்விரண்டையும் வேறு பிரித்தறிதல் வைத்தியர்க்கு எளிதன்று. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளின் மருந்தே தீங்காய் முடியும். பழகிய பெயரொன்றை இட்டு அமைந்துவிடாது, கண்டதனையே மீண்டும் காணும் பொறுமையன்றோ கல்வியின் பயன்!