போரிஸ் காலெர்கின்: சிறையில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர், இன்று உங்கள் சாஃப்ட்வேருக்குள் இருப்பவர்!

ஃபைனைட் எலிமென்ட் முறையைப் படிக்க ஆரம்பிக்கும் எவரும் சீக்கிரமே ஒரு பெயரைச் சந்திப்பார்கள்: காலெர்கின். பாலத்தையோ கார் கதவையோ கம்ப்யூட்டரிலேயே சோதிக்கும் பல சாஃப்ட்வேர்களில் இவர் பெயரால் அறியப்படும் வழிதான் ஓடுது. யார் இவர்?

இன்றைய பெலாரஸில் உள்ள போலோட்ஸ்க் நகரில், 1871-ல் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டியூஷன் எடுத்தும், வரைபடம் வரைந்தும் சம்பாதித்தபடியே படித்து, 1899-ல் இன்ஜினீயர் ஆனார்.

ஜார் ஆட்சிக்கு எதிரான அரசியலில் இறங்கியதால் 1906-ல் கைதானார். ஒன்றரை ஆண்டு சிறைத் தண்டனை. அங்கேதான் ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினார். அழுத்தம் தாங்காமல் தூண்கள் வளைவது பற்றிச் சிறையில் எழுதிய முதல் கட்டுரை 1909-ல் வெளியானது. அப்போ அவருக்கு வயசு 38!

1915-ல் என்ன சொன்னார்?

ஒரு தகட்டின் மேல் எடை வைத்தால் எப்படி வளையும்? அதற்குச் சமன்பாடு உண்டு. ஆனால் பெரும்பாலும் துல்லியமான விடை கிடைக்காது. அதனால், தெரிந்த சில எளிய வளைவுகளைக் கூட்டித் தோராய விடை ஒன்றை அமைக்கிறோம். அதைச் சமன்பாட்டில் போட்டால் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தை ஒவ்வொரு வளைவாலும் பெருக்கி, தகடு முழுக்கக் கூட்டினால் பூஜ்ஜியம் வரணும். இதுதான் நிபந்தனை. எத்தனை வளைவுகளோ, அத்தனை சமன்பாடுகள். கால்குலஸ் கணக்கு அல்ஜீப்ரா கணக்காக மாறிடும்.

1913-லேயே கப்பல் பொறியாளர் இவான் புப்னோவ் இதே வழியைக் காட்டியிருந்தார். அதனால் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதும் உண்டு.

இன்று எங்கே இருக்கிறது?

காலெர்கின் 1945-ல் இறந்தார். ‘ஃபைனைட் எலிமென்ட்’ என்ற பெயரை ரே கிளஃப் பயன்படுத்தியது 1960-ல். பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எளிய வளைவு வைப்பார்கள். புரோகிராமில் ஒரு லூப், ஒவ்வொரு துண்டின் எண்களையும் பெரிய மேட்ரிக்ஸில் சேர்க்கும். அந்த எண்களைத் தருவது பெரும்பாலும் அதே 1915 நிபந்தனைதான்.

இதைப் புரிந்துகொள்ளாமல் பட்டனை மட்டும் தட்டினால் ஆபத்து. திரையில் கலர் படம் அழகா வரும். ஆனால் அது தோராய விடை. மிச்சம் உள்ளேதான் இருக்கு. மெஷ்ஷை இன்னும் பொடியாக்கி ஓட்டிப் பாருங்க. விடை கணிசமா மாறுதா? அப்போ முதல் விடையை நம்பிப் பாலம் கட்டக் கூடாது.