பூட்டுக்காரர் மகன் போட்ட கணக்கு... உங்க அயர்ன் பாக்ஸ்லயும் இருக்கு!

எண்ணூர் நெட்டுக்குப்பம் பக்கம் போயிருக்கீங்களா? ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆறு. கொஞ்ச தூரத்தில், 2017-ல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம். தலையைத் தூக்கினால் ஹை டென்ஷன் டவர்கள், கீழே கரையில் ஐஸ் பெட்டியோடு நிற்கிற படகுகள். இந்தக் கதைக்குக் கரன்ட், ஐஸ் ரெண்டுமே வேணும். கதையின் நாயகர் பெயர் ஓம். கோயில்ல கேட்கிற ஓம் இல்லைங்க, ஜார்ஜ் சைமன் ஓம்!

1789 மார்ச் 16-ல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில் பிறந்தார். அப்பா பூட்டு செய்கிற தொழிலாளி. பெரிய படிப்பெல்லாம் கிடையாது. ஆனா, தானாகவே கணக்கு கற்றுக்கொண்டு, பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தவர். ஓமுக்கு 10 வயதில் அம்மா இறந்துவிட, அப்பாதான் எல்லாம்.

அப்படிப்பட்ட அப்பாவின் காசில் காலேஜ் சேர்ந்த பையன் என்ன செய்தார்? டான்ஸ், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு! கடுப்பான அப்பா படிப்பைப் பாதியிலேயே நிறுத்தி, ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை. பிறகு ஊர் திரும்பி, 1811-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் வந்தது, நல்ல வேலை வரலை. (எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்குல்ல?)

1817-ல் கொலோன் நகரப் பள்ளியில் வாத்தியார் ஆனார். அங்கே ஓரளவு நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது. கம்பியின் நீளம் கூடக்கூட கரன்ட் எப்படிக் குறைகிறது? இதுதான் அவரைப் பிடித்த கேள்வி. 1825-ல் ஒரு விதியை எழுதி வெளியிட்டார். அது தப்பான விதி! காரணம், அன்றைய பேட்டரி. நம்ம பழைய போன் மாதிரி, அளந்துகொண்டிருக்கும்போதே அதன் வோல்டேஜ் இறங்கிக்கொண்டே போகும். வோல்டேஜ் நிலையா இல்லாதபோது மற்றதை அளந்து என்ன பிரயோஜனம்?

போகண்டார்ஃப் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். பேட்டரியைத் தூக்கிப் போட்டுவிட்டு, செம்பும் பிஸ்மத்தும் சேர்ந்த ஒரு ஜோடியைப் பயன்படுத்தலாமே என்று. இரண்டு உலோகமும் சேருகிற முனைகளில் ஒன்று கொதிக்கிற தண்ணீரில், இன்னொன்று உருகுகிற ஐஸில். இரண்டின் வெப்பநிலையும் மாறாது. அதனால் வோல்டேஜும் மாறாது. அவ்வளவுதான் விஷயம்! 2 அங்குலத்தில் இருந்து 130 அங்குலம் வரை எட்டு செம்புக் கம்பிகளை ஒவ்வொன்றா மாட்டி அளந்தார். 1826-ல் சரியான விதி கிடைத்தது. வோல்டேஜை கரன்ட்டால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை.

உங்க வீட்டு அயர்ன் பாக்ஸில் 1,000 வாட் என்று போட்டிருந்தால், 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்க. கரன்ட் சுமார் 4.35 ஆம்பியர். இப்போ 230-ஐ 4.35-ஆல் வகுத்தால், உள்ளே இருக்கிற காயிலின் தடை சுமார் 53 ஓம். வாட் கணக்குக்கு வழி போட்டது மட்டும் ஓம் இல்லை. கரன்ட் போகிற கம்பி எவ்வளவு சூடாகும் என்பதை 1840-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த ஜூல் என்கிற ஆங்கிலேயர்.

நெட்டுக்குப்பத்தில் இதே வகுத்தல், உயிர் சம்பந்தப்பட்டது. காய்ந்த கையோடு நம் உடம்பின் தடை 20,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் பட்டால் பாய்வது 11 மில்லி ஆம்பியர் சொச்சம். தூக்கிவாரிப் போடும், கையை எடுக்க முடியாமலும் போகலாம். வலையை அலசிவிட்டு, உப்புத்தண்ணி சொட்டுகிற கையோடு சுவிட்சைத் தொட்டால்? தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போ 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த அது தாராளம். உயிரைக் காக்க வீட்டில் மாட்டுகிற இ.எல்.சி.பி., 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிப்பது இதனால்தான். வோல்டேஜ் அதேதான், மாறினது தடை மட்டும்.

சரி, ஓமுக்கு என்ன ஆச்சு? 1827-ல் எல்லாவற்றையும் புத்தகமா போட்டார். பெரிய பேராசிரியர் பதவி வரும் என்று நம்பினார். புத்தகம் முழுக்கக் கணக்கா இருந்ததால், அன்றைய ஜெர்மன் விஞ்ஞானிகள் பலருக்கு அது ஒட்டவே இல்லை. சிலர் கடுமையா தாக்கி எழுதினார்கள். மனசு உடைந்து கொலோன் வேலையை விட்டார். அடுத்த சில வருஷம் பெர்லினில் வாரத்துக்குச் சில மணி நேர வகுப்பு எடுத்துக் காலம் தள்ளினார். கல்யாணமும் செய்துகொள்ளலை. 1833-ல்தான் நியூரம்பெர்க் பாலிடெக்னிக்கில் நிலையான வேலை.

மரியாதை முதலில் வெளியூரிலிருந்துதான் வந்தது. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி தன் காப்லி பதக்கத்தைக் கொடுத்தது. அப்போ அவருக்கு 52 வயது. இளைஞனா இருந்தபோதே ஆசைப்பட்ட பல்கலைக்கழகப் பேராசிரியர் நாற்காலி, 1852-ல், 63 வயதில், மியூனிக்கில் கிடைத்தது.

1854 ஜூலை 6-ல் இறந்துபோனார். 1881-ல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு, தடையின் அலகுக்கு அவர் பெயரையே உறுதி செய்தது. அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது என்னவோ இரண்டே வருஷம்தான்.