வேக வித்தகர் பர்ட் மன்றோ

நியூசிலாந்து நாட்டின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்பதோர் ஊர் உண்டு. அவ்வூரில் 1899-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்றோ பிறந்தார். உடன்பிறந்த இரட்டைக் குழந்தை பிறப்பிலேயே இறந்தது. எஞ்சிய குழந்தையும் இரண்டு வயதைக் காணாது என்று மருத்துவர்கள் பெற்றோரிடம் கூறிவிட்டனர். அக்குழந்தையே வளர்ந்து, பர்ட் மன்றோ என்னும் பெயரால் உலகறிய விளங்கியது.

மன்றோவின் தந்தையார் உழுதொழில் புரிந்தவர். பண்ணையில் இருந்த குதிரைகளுள் மிக விரைந்து ஓடுவது எதுவோ, அதன் மீதேறிப் பறப்பதே சிறுவனுக்கு விளையாட்டு. தந்தையார் கடிந்துகொண்டும் பயனில்லை. குதிரையில் தொடங்கிய அவ்வேட்கை நாளடைவில் மோட்டார் சைக்கிளின்பால் திரும்பியது.

1920-ஆம் ஆண்டில், தமது இருபத்தோராம் வயதில், மன்றோ ‘இந்தியன் ஸ்கவுட்’ என்னும் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். பெயரைக் கண்டு அது நம் நாட்டில் செய்யப்பட்டது என எண்ணிவிடலாகாது. அமெரிக்காவின் பழங்குடி மக்களை ஐரோப்பியர் இந்தியர் என்று அழைத்தனர்; அப்பெயரையே அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்று தன் வண்டிகளுக்குச் சூட்டியிருந்தது. 600 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள அதன் எந்திரம், மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 89 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது. அந்நாளில் அது குறைந்த வேகமன்று. ஆயினும் மன்றோவுக்கு அது போதவில்லை. 1926-ஆம் ஆண்டில் அவர் வண்டியைப் பிரித்துத் திருத்தத் தொடங்கினார். அப்பணி அவர் வாழ்நாள் முழுதும் நீண்டது.

அவர் மேற்கொண்ட பணியின் அருமையை உணர வேண்டுமாயின், காற்றின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். வண்டியின் வேகம் மும்மடங்கானால், எதிர்க்கும் காற்றின் தடை ஒன்பது மடங்காகும். அத்தடையை வென்று செல்வதற்கு எந்திரம் தரவேண்டிய ஆற்றலோ இருபத்தேழு மடங்காகும். எனவே, எந்திரத்தின் வலிமையைப் பன்மடங்கு பெருக்கவும் வேண்டும். காற்றின் தடையைக் குறைக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் பணமுடையவன் தொழிற்சாலையிடம் ஒப்படைத்திருப்பான். மன்றோ பணமுடையவரல்லர். பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகப் பணியாற்றினார். இரவில் தம் வண்டியோடு போராடினார்.

ஸ்கவுட் எந்திரத்தில் வால்வுகள் சிலிண்டரின் பக்கத்தே அமைந்திருந்தன. எரிபொருள் கலந்த காற்று வளைந்து நுழைந்து வளைந்தே வெளியேற வேண்டும். மூக்கடைத்தவன் ஓடினால் எப்படியோ, அப்படி அந்த எந்திரம் விரைந்து மூச்சுவிட இயலாமல் திணறியது. மன்றோ அவ்வமைப்பை மாற்றி, வால்வுகளைச் சிலிண்டரின் தலைமேல் அமைத்தார். கொள்ளளவையும் படிப்படியாகப் பெருக்கி, இறுதியில் 950 கன சென்டிமீட்டர் அளவுக்குக் கொணர்ந்தார். பிஸ்டன்களைத் தாமே வார்த்தார். அவற்றிற்கு அச்சாக உதவியவை பழைய தகரக் குவளைகளே. சிலிண்டர்களுக்குப் பழைய எரிவாயுக் குழாய்களும், பிஸ்டனை இணைக்கும் தண்டுகளுக்குப் பழைய டிராக்டரின் அச்சுத்தண்டும் பயன்பட்டன. தலைமயிரிழையினும் நுண்ணிய அளவுகளை அறிய உதவும் மைக்ரோமீட்டர் கருவியைக்கூடச் சக்கரத்தின் ஆரக்கம்பி ஒன்றைக் கொண்டு அவர் செய்துகொண்டார் என்பது வியப்பிற்குரியது.

இவ்வாறு செய்தவை யாவும் நிலைத்து நின்றன என்று கருதுதல் தவறு. பிஸ்டன் உருகும்; தண்டு முறியும்; பல திங்கள் உழைப்பு ஒரு நொடியில் சிதறிப்போகும். சுழற்சி வேகம் இருமடங்கானால் இணைப்புத் தண்டின்மேல் விழும் விசை நான்மடங்காகும் ஆதலின், எந்திரத்தை வலிமைப்படுத்துந்தோறும் முறிவும் மிகுந்தது. முறிந்தவற்றை மன்றோ எறிந்துவிடவில்லை. தமது கொட்டகையில் தட்டு ஒன்றன்மேல் அவற்றை வரிசையாக அடுக்கி, வேகத் தெய்வத்திற்குத் தாம் படைத்த காணிக்கை என எழுதி வைத்தார். பிறர் மறைக்க விரும்பும் தோல்விகளை வருவோர் அனைவரும் காணும்படி வைத்தவர் அவர்.

1938-ஆம் ஆண்டில் அவர் தம் நாட்டின் வேகச் சாதனை ஒன்றை முதன்முதலாக நிறுவினார். பின்னரும் பல சாதனைகளை நிறுவினார். ஊருக்கு அருகிலுள்ள ஓரெட்டிக் கடற்கரையின் இறுகிய மணலே அவருக்கு ஓட்டக்களம். 1940-களின் இறுதியில் வேலையையும் துறந்து, முழுநேரமும் வண்டிக்கே தம்மை ஒப்படைத்தார். இதற்காக அவர் தந்த விலை சிறிதன்று. இல்லற வாழ்வு குலைந்தது. தனியராய்க் கொட்டகையிலேயே உண்டு உறங்கினார். 1950-களின் பிற்பகுதியில் நெஞ்சுவலி நோயும் பற்றிக்கொண்டது.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பான்வில் என்னும் உப்புவெளி உள்ளது. கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மையாய்ச் சமமாய்ப் பரந்த அவ்விடத்தில், உலகின் வேக வீரர்கள் கூடித் தம் வண்டிகளைச் சோதிப்பர். சாதனை என்று ஏற்கப்படுவதற்கு ஒருமுறை விரைந்தால் போதாது. எதிரெதிர்த் திசைகளில் இருமுறை ஓடி, அவற்றின் சராசரியைக் கணக்கிட வேண்டும். காற்றின் துணையால் பெற்ற வேகம் இம்முறையில் ஈடாகிவிடும். 1962-ஆம் ஆண்டில், அறுபத்து மூன்று வயதில், நோயுற்ற நெஞ்சோடு கடல்கடந்து சென்ற மன்றோ, காற்றைக் கிழித்துச் செல்லும் மீன்வடிவக் கூட்டினுள் தம் பழைய வண்டியைப் பொருத்தி ஓடினார். மணிக்கு ஏறத்தாழ 179 மைல் வேகத்தை எய்தி, 883 கன சென்டிமீட்டர் பிரிவில் சாதனை நிறுவினார்.

1967-ஆம் ஆண்டு ஓட்டம் ஒன்று உயிருக்கே உலையாய் முடிந்திருக்கும். பாதி வழி கடந்ததும் வண்டி தடுமாறி ஆடத் தொடங்கியது. உடலால் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கலாம் என்று மன்றோ நிமிர்ந்து அமர்ந்தார். மறுகணமே காற்று அவருடைய கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. விழிகள் அழுந்திப் பார்வை மறைந்தது. வழியைவிட்டு விலகிய வண்டி, எல்லை காட்டும் இரும்புக் கம்பத்தைச் சில அங்குல இடைவெளியில் தவிர்த்துச் சென்றது. கண் தெரியாத அந்நிலையிலேயே வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து நிறுத்தி, சிறு சிராய்ப்புகளோடு அவர் எழுந்தார்.

அதே ஆண்டில்தான், 1000 கன சென்டிமீட்டருக்குட்பட்ட பிரிவில், மணிக்கு 183.586 மைல் என்னும் சாதனை அவர் பெயரால் பதிவாயிற்று. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு, வண்டிக்கு நாற்பத்தேழு.

பின்னர் உடல்நிலை இடந்தராமையால் வேகப் போட்டிகளை விடுத்தார். தம் வண்டிகள் பிற ஊர் செல்லாவண்ணம், உள்ளூர் வணிகர் ஒருவரிடமே விற்றார். 1978-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில் இயற்கை எய்தினார். அவருடைய வாழ்வைத் தழுவிய திரைப்படம் ஒன்று 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

2014-ஆம் ஆண்டில் அவருடைய மைந்தர், பழைய பதிவில் சராசரி பிழையாகக் கணக்கிடப்பட்டிருத்தலைக் கண்டறிந்தார். அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் கணக்கை மீண்டும் ஆய்ந்து, சாதனையை 184.087 மைல் எனத் திருத்திற்று. மன்றோ மறைந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்தபின், அவருடைய வேகம் அரை மைல் கூடியது.